இரண்டு கருக்குழாயும் அடைப்பு: நேராக ஐவிஎஃப் போகலாமா, காரணம் தேட வேண்டுமா?

தாமிரபரணிக்கரை

வணக்கம் தோழிகளே. எனக்கு 29 வயது, கல்யாணமாகி நான்கு வருடம் முடியப்போகிறது. மாதவிலக்கு நாள் தவறாமல் வரும். தைராய்டு, புரோலாக்டின் இரண்டும் நார்மல். ஃபாலிக்கிள் ஸ்கேனில் முட்டை வளர்ந்து வெடிப்பதும் தெரிகிறது. கணவருடைய விந்தணு ரிப்போர்ட்டும் நன்றாகவே இருக்கிறது. "எல்லாம் நார்மல், கவலைப்படாமல் இருங்கள், தானாக நிற்கும்" என்று சொல்லிச் சொல்லியே காலம் போய்விட்டது.

போன வாரம்தான் எச்எஸ்ஜி, அதாவது கருப்பைக்குள் சாயம் ஏற்றிக் குழாயைப் பார்க்கும் எக்ஸ்ரே, எடுத்தார்கள். இரண்டு பக்கமும் அடைப்பு. குழாய் பாசிமணி கோத்ததுபோல் இருப்பதாக ரிப்போர்ட்டில் எழுதியிருக்கிறது. ஒரு தனியார் மையத்தில் காட்டினோம். "குழாய் எதற்கு, அதுதான் ஐவிஎஃப் (டெஸ்ட் டியூப் முறை) இருக்கிறதே, அடுத்த மாதவிலக்கின் இரண்டாம் நாள் வாருங்கள், ஊசி தொடங்கிவிடலாம்" என்று தொகையையும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். எங்கள் ஊரில் வயதான ஒரு டாக்டரம்மா இருக்கிறார். அவர் மட்டும், "குழாய் ஏன் அடைத்தது என்று பார்க்காமல் ஊசி போடாதே, முதலில் வயிற்றில் சின்னத் துளை போட்டுக் கேமராவில் பார்க்கும் லேப்ராஸ்கோபி செய், கருப்பைச் சதையும் எடுத்து டெஸ்டுக்கு அனுப்பு" என்கிறார்.

வீட்டில் யாரும் வாய்விட்டு எதுவும் சொல்வதில்லை. ஆனால் தெருவில் வளைகாப்பு என்றால் மாமியார் என்னைக் கூப்பிடாமல் தனியாகப் போய்விட்டு வருகிறார். அதனால் எப்படியாவது சீக்கிரம் ஆகட்டும் என்றுதான் மனசு சொல்கிறது. காரணம் தேடுவதில் உண்மையிலேயே பயன் உண்டா?

கொங்குக்குயில்

கண்டிப்பாகக் காரணம் பாருங்கள். எனக்கு இருந்தது சினைப்பை நீர்க்கட்டி (பிசிஓஎஸ்). 45 நாள், சில சமயம் இரண்டு மாதம் கழித்துத்தான் தலைக்கு ஊற்றுவேன். ஸ்கேனில் தெரிவது வளர்ச்சி பாதியில் நின்ற முட்டைப்பைகள், அதை ஆபரேஷன் செய்து எடுக்க வேண்டியதில்லை என்பதே எனக்குப் பல மாதம் கழித்துத்தான் புரிந்தது. உடல் எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே பலருக்கு முட்டை வெளிவர ஆரம்பிக்கும் என்றார்கள், எனக்கு அப்படித்தான் சுழற்சி சீரானது. அதற்கப்புறம் லெட்ரோசோல் மாத்திரையில் நின்றது.

அந்த மாத்திரையைக் கூகுளில் தேடினால் மார்பகப் புற்றுநோய்க்கு என்று வரும், பயந்துவிடாதீர்கள். 2011இல் நம் நாட்டில் கருத்தரிப்பு சிகிச்சைக்கு அதைத் தடை செய்திருந்தார்கள், 2017இல் தடையை நீக்கிவிட்டார்கள். நீர்க்கட்டி உள்ளவர்களுக்கு முட்டை வளர வைக்க இன்று உலகம் முழுக்க முதலில் கொடுப்பது அதைத்தான்.

ஆனால் உங்களுக்கு முட்டை சரியாக வருகிறது. என் கதை உங்களுக்குப் பொருந்தாது. பொன்னி அக்கா வந்தால் சரியாகச் சொல்வார்.

பொன்னி

தாமிரபரணி, எனக்கு மூன்று விஷயம் தெரிய வேண்டும். மாதவிலக்கு நாள் தவறாமல் வருகிறது என்கிறீர்கள், இரத்தப்போக்கு எப்படி இருக்கிறது? முன்பைவிடக் குறைந்திருக்கிறதா? உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ எப்போதாவது காசநோய் வந்திருக்கிறதா? இதற்கு முன் கரு கலைந்து டி அண்ட் சி (கருப்பையைச் சுரண்டிச் சுத்தம் செய்வது) செய்திருக்கிறார்களா?

நான் டெல்டா பக்கம் ஓர் அரசு மருத்துவமனையின் மகளிர் ஓபியில் நர்ஸ். டாக்டர் இல்லை. ஆகவே நான் எழுதுவதை உங்கள் டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகளாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கரு நிற்க வேண்டுமென்றால் முட்டை வெளிவர வேண்டும், அதைக் குழாய் வாங்கிக்கொள்ள வேண்டும், விந்தணு குழாய்க்குள் வந்து சேர வேண்டும், உருவான கரு கருப்பையின் உள்படலத்தில் ஒட்டி வளர வேண்டும். பெண்கள் பக்கம் இருக்கும் காரணம் எதுவாக இருந்தாலும் இதில் ஏதோ ஓர் இடத்தில் போய் நிற்கும். முட்டை வராததற்கு நீர்க்கட்டி, தைராய்டு, புரோலாக்டின், மிகக் குறைந்த அல்லது மிக அதிக எடை. கருப்பையில் என்றால் உள்குழிக்குள் துருத்தும் ஃபைப்ராய்டு (தசைக்கட்டி), பாலிப் (சதை வளர்ச்சி), பிறவியிலேயே இருக்கும் தடுப்புச் சுவர். வெளிப்பக்கம் வளரும் ஃபைப்ராய்டு பெரும்பாலும் கரு நிற்பதைத் தடுக்காது, அதற்காக அவசரமாக ஆபரேஷனுக்குப் போகிறவர்களை நிறையப் பார்க்கிறேன்.

குழாய் அடைப்புக்கு வருகிறேன். கீழிருந்து ஏறும் கிருமித்தொற்று ஒரு காரணம். கிளமிடியா என்று ஒரு கிருமி, பெரும்பாலான பெண்களுக்கு எந்த அறிகுறியும் காட்டாமலே குழாயைப் புண்ணாக்கிவிடும். சுத்தமில்லாத இடத்தில் செய்த கருக்கலைப்பு, குடல்வால் வெடித்துச் செய்த ஆபரேஷன், எண்டோமெட்ரியோசிஸ் என்று இன்னும் சில உண்டு. நம் நாட்டில் இவற்றோடு கட்டாயம் நினைத்துப் பார்க்க வேண்டியது காசநோய். மணி கோத்த மாதிரி குழாய் என்றதுமே எனக்கு அதுதான் தோன்றியது. ஊர் டாக்டரம்மாவுக்கும் அதுதான் தோன்றியிருக்கும்.

ஐவிஎஃப் குழாயைத் தாண்டிப் போகும், உண்மை. கருப்பையைத் தாண்டிப் போகாது. கருவை அங்கேதான் கொண்டுபோய் வைக்க வேண்டும். குழாயைக் கெடுத்த நோய் உள்படலத்திலும் உட்கார்ந்திருந்தால், எத்தனை முறை கரு வைத்தாலும் ஒட்டாது. இன்னொன்று, குழாயின் நுனி அடைத்து உள்ளே நீர் கோத்திருந்தால் அந்த நீர் கருப்பைக்குள் கசிந்து ஐவிஎஃப் பலன் கிடைக்கும் வாய்ப்பை ஏறக்குறையப் பாதியாக்கிவிடும். அதனால் அந்தக் குழாயை முதலில் எடுத்துவிடுவார்கள், அல்லது அடைத்துவிட்டுத்தான் கரு வைப்பார்கள். "குழாய் எதற்கு" என்று கேட்டவர்கள் இதையெல்லாம் உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும்.

அகத்திப்பூ

இவ்வளவு தூரம் போவானேன்? எங்கள் பக்கத்தில் மலைவேம்பு இலைச் சாறு, மாதவிலக்கின் முதல் மூன்று நாள் வெறும் வயிற்றில் கொடுப்பார்கள். என் நாத்தனாருக்கு ஆறு வருடம் கழித்து அப்படித்தான் நின்றது. கர்ப்பப்பையில் உள்ள அழுக்கெல்லாம் போய்விடும். ஆஸ்பத்திரிக்காரர்கள் காசு பார்ப்பார்கள், இது காசில்லாதது.

பொன்னி

அகத்திப்பூ, உங்கள் நாத்தனாருக்கு நின்றதில் எனக்கும் சந்தோஷம். குழாய் திறந்திருந்து, முட்டையும் ஒழுங்காக வருகிறவர்களில் பலருக்கு நாள் கழித்துத் தானாகவே நிற்பது உண்டு. அந்த நேரத்தில் எதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் பெயர் அதற்குத்தான் போகும். தழும்பாகி ஒட்டிப்போன குழாயை எந்த இலைச் சாறும் திறக்காது. இந்தத் தங்கைக்கு அது நேரத்தைத்தான் தின்னும். உள்ளே காசநோய் இருந்தால் நேரம் போகப் போக உள்படலமும் கெடும். இதில் நான் விட்டுக்கொடுத்துப் பேச முடியாது.

காசு விஷயத்தில் நீங்கள் சொல்வது சரிதான். அதனால்தான் சொல்கிறேன், எச்எஸ்ஜி, லேப்ராஸ்கோபி, கருப்பைச் சதை டெஸ்ட் எல்லாம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலேயே நடக்கிறது. சென்னையில் எழும்பூர் தாய் சேய் மருத்துவமனை இருக்கிறது. காசநோய் என்று உறுதியானால் மருந்து முழுக்க இலவசம்.

கடலோரம்

ஆண் ஒருவன் எழுதலாமா என்று தெரியவில்லை, இருந்தாலும் இதைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பகுதியில் பெண்கள்தான் எழுதுகிறீர்கள், ஆனால் குழந்தை இல்லாத தம்பதிகளில் ஏறக்குறையப் பாதிப் பேரிடம் ஆண் பக்கமும் ஏதோ குறை இருக்கிறது. என் மனைவிக்கு இரத்தப் பரிசோதனை, ஸ்கேன், எச்எஸ்ஜி என்று எல்லாம் முடிந்த பிறகுதான் என்னை டெஸ்ட் எடுக்கச் சொன்னார்கள். உறவு கொள்ளாமல் 2 முதல் 7 நாள் இருந்துவிட்டு ஒரு சாம்பிள் கொடுப்பதுதான் மொத்த வேலை. எனக்கு அணுக்கள் மிகவும் குறைவு. ஜிம்மில் உடம்பு ஏற்ற ஊசி போட்டுக்கொண்டிருந்தேன், அது டெஸ்டோஸ்டிரோன். வெளியிலிருந்து அந்த ஹார்மோன் போனால் விரைகள் அணு உற்பத்தியை நிறுத்திவிடும் என்று யாரும் சொல்லவில்லை. நிறுத்திச் சில மாதங்கள் கழித்துத்தான் எண்ணிக்கை ஏறியது.

படிக்கிற தோழிகள் வீட்டுக்காரரின் டெஸ்டை முதலில் முடித்துவிட்டு அப்புறம் உங்களைக் குத்த விடுங்கள்.

குறிஞ்சி

மேலே எண்டோமெட்ரியோசிஸ் என்று ஒரே வார்த்தையில் போய்விட்டது, எனக்குக் கொஞ்சம் வருத்தம். பள்ளிக்கூட நாளிலிருந்து மாதவிலக்கென்றால் சுருண்டு படுத்துவிடுவேன், வாந்தி வரும், இரண்டு நாள் லீவு. "பொம்பளைப் பிள்ளைக்கு வலிக்கத்தான் செய்யும், குழந்தை பிறந்தால் சரியாகிவிடும்" என்று பாட்டி முதல் டாக்டர் வரை எல்லோரும் சொன்னார்கள். கல்யாணமான பின் உறவின்போதும் வலி. கடைசியில் ஸ்கேனில் இரண்டு சினைப்பையிலும் சாக்லேட் கட்டி, அதாவது பழைய இரத்தம் தேங்கிய கட்டி.

கருப்பைக்குள் இருக்க வேண்டிய படலம் போன்ற திசு வெளியே, சினைப்பையிலும் குழாய் மேலேயும் குடல் மேலேயும் வளர்வதுதான் இந்த நோய். பத்துப் பெண்களில் ஒருவருக்கு இருக்கிறது. கண்டுபிடிக்கவே பலருக்கு வருடக்கணக்கில் ஆகிறது. ஸ்கேனில் கட்டி தெரியாவிட்டாலும் நோய் இருக்கலாம், ஒட்டல்களால் குழாய் முட்டையைப் பிடிக்க முடியாமல் போகலாம்.

ஒன்றை மட்டும் எல்லோரும் மனதில் வையுங்கள். சினைப்பையிலிருந்து கட்டியை அகற்றும்போது அதோடு நல்ல முட்டைகளும் போகும். எனக்கு ஆபரேஷனுக்குப் பிறகு ஏஎம்எச் (முட்டைக் கையிருப்பைக் காட்டும் இரத்த டெஸ்ட்) பாதிக்கு மேல் இறங்கிவிட்டது. ஆபரேஷன் வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை, வலி தாங்க முடியாதவர்களுக்கு அதுதான் வழி. குழந்தை வேண்டும் என்றிருப்பவர்கள் கத்தி வைப்பதற்கு முன்பே ஏஎம்எச் பார்த்து, முட்டை சேமிக்கலாமா என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

மருதாணி

குறிஞ்சி சொன்ன ஏஎம்எச் பற்றி ஒரு சந்தேகம், இழை திசை மாறினால் மன்னிக்கவும். எனக்கு வயது 34, ஏஎம்எச் 0.9. இனி இயற்கையாக வாய்ப்பே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து தூக்கமில்லை. வேறு எந்த டெஸ்டும் எடுக்கவில்லை, முயற்சி செய்து ஆறு மாதம்தான் ஆகிறது.

பொன்னி

மருதாணி, ஏஎம்எச் என்பது கையிருப்பில் முட்டை எவ்வளவு இருக்கலாம் என்பதைக் காட்டும் ஓர் எண். ஐவிஎஃப் ஊசி போட்டால் எத்தனை முட்டை கிடைக்கும் என்று கணிக்க உதவும். இந்த மாதம் உங்களுக்குக் கரு நிற்குமா நிற்காதா என்பதை அது சொல்லாது. கருத்தரிப்புக் குறை எதுவும் இல்லாத 30 முதல் 44 வயதுப் பெண்களை வைத்து அமெரிக்காவில் ஓர் ஆய்வு செய்தார்கள், 2017இல் வெளியானது. இயற்கையாக முயற்சி செய்தபோது, ஏஎம்எச் குறைந்தவர்களுக்கும் நார்மலாக இருந்தவர்களுக்கும் கரு நின்ற விதத்தில் பெரிய வேறுபாடு இல்லை. மாதம் ஒரு முட்டை வந்தால் போதுமே.

வயதுதான் முட்டையின் தரத்தைத் தீர்மானிக்கிறது. 35க்குக் கீழே ஒரு வருடம் முயன்ற பிறகு டெஸ்டுக்குப் போகலாம், 35 தாண்டினால் ஆறு மாதத்திலேயே போய்விட வேண்டும் என்பார்கள். நீங்கள் அந்த எல்லையில் இருப்பதால் தள்ளிப்போடாதீர்கள், கணவரின் டெஸ்ட், குழாய் டெஸ்ட் இரண்டையும் இப்போதே முடியுங்கள். ஆனால் "வாய்ப்பே இல்லை" என்று ஓர் எண்ணைப் பார்த்துச் சொல்லக் கூடாது. அப்படிச் சொன்னவரிடம் இன்னொரு முறை போக வேண்டாம்.

தாமிரபரணிக்கரை

பொன்னி அக்கா, நீங்கள் கேட்டதிலிருந்து யோசித்துக்கொண்டே இருக்கிறேன். கரு கலைந்ததோ டி அண்ட் சியோ எதுவும் இல்லை. போக்கு குறைந்திருப்பது உண்மை. கல்யாணமான புதிதில் நான்கு நாள் இருக்கும், இப்போது ஒன்றரை நாளில் முடிந்துவிடுகிறது. நல்லதுதானே என்று விட்டுவிட்டேன்.

அம்மாவிடம் போனில் கேட்டேன். கல்லூரி விடுதியில் இருந்தபோது எனக்குக் கழுத்தில் நெறி கட்டியது, கூடவே சாயங்காலமானால் காய்ச்சல். ஊசி போட்டு டெஸ்ட் எடுத்து நீளமான மாத்திரைகள் கொடுத்தார்கள், சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும். கட்டி கரைந்ததும் இரண்டு மூன்று மாதத்தில் அம்மா நிறுத்தச் சொல்லிவிட்டார். கல்யாணமாக வேண்டிய பெண், வெளியே தெரியக் கூடாது என்று பயந்தாராம். அது டிபி என்பதே எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். எந்த டாக்டரும் என்னிடம் இதைக் கேட்கவில்லை, நானும் சொன்னதில்லை.

பொன்னி

அம்மாவைக் கோபிக்காதீர்கள், அந்தப் பயம் எங்கள் ஓபிக்கு வரும் பாதித் தாய்மார்களிடம் இருக்கிறது.

சிறுநீர் நிறம் மாறியது ரிஃபாம்பிசின் மருந்தால். அப்படியானால் கழுத்தில் இருந்தது காசநோய் நெறி என்று நினைத்துத்தான் மருந்து கொடுத்திருக்கிறார்கள், அதுவும் பாதியில் நின்றுபோயிருக்கிறது. கிருமி முதலில் நுரையீரலுக்குத்தான் போகும், அங்கிருந்து இரத்தம் வழியாக வேறு இடங்களுக்குப் பரவும். இடுப்புக்குள் போனால் கிட்டத்தட்ட எல்லோருக்கும் கருக்குழாயில்தான் முதலில் தங்குகிறது, ஏறக்குறையப் பாதிப் பேருக்குக் கருப்பை உள்படலத்துக்கும் இறங்குகிறது. இருமல் இருக்காது, சளி இருக்காது. சிலருக்கு அடிவயிற்று வலி, சிலருக்குப் போக்கு குறைந்துகொண்டே வரும், பலருக்கு எதுவுமே இருக்காது. குழந்தை இல்லை என்று வரும்போதுதான் தெரியவரும். உலகத்துக் காசநோயாளிகளில் நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கும்போது, ஓபியில் இதைக் கேட்க இரண்டு நிமிடம் செலவழிக்காதது எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

மறுமுறை போகும்போது போக்கு குறைந்தது, கழுத்து நெறி, பாதியில் நின்ற மருந்து, இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். பழைய சீட்டு கிடைத்தால் இன்னும் நல்லது.

வெண்தாமரை

இதில் நான் ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். பொன்னி அக்காவை மறுத்துப் பேசுவதாக நினைக்க வேண்டாம். ஒரு மையத்தில் எனக்குக் கருப்பைச் சதை எடுத்து டிபி பிசிஆர் (கிருமியின் மரபணுவைத் தேடும் டெஸ்ட்) செய்தார்கள். பாசிட்டிவ். குழாய் இரண்டும் திறந்திருந்தது, லேப்ராஸ்கோபியில் எதுவும் தெரியவில்லை, திசுப் பரிசோதனையிலும், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சரிலும் கிருமி இல்லை. அந்த ஒரு பாசிட்டிவை மட்டும் வைத்து மருந்தைத் தொடங்கிவிட்டார்கள். எனக்கு ஈரல் பாதித்து மஞ்சள் காமாலை வந்து படுத்தேன். பிறகு பார்த்த நிபுணர், மருந்தே தேவைப்பட்டிருக்காது என்றார். குழந்தை இல்லாதவர்களுக்கெல்லாம் டிபி என்று முத்திரை குத்துவதும் நடக்கிறது.

பொன்னி

வெண்தாமரை சொல்வதை எல்லோரும் கவனமாகப் படியுங்கள். பிசிஆர் செத்த கிருமியின் துணுக்கைக்கூடக் காட்டிவிடும், லேபில் கலந்துபோனாலும் பாசிட்டிவ் வரும். கையில் போடும் மாண்டூ ஊசி தடித்தால் எப்போதோ கிருமி உடம்புக்குள் போயிருக்கிறது என்றுதான் பொருள், நோய் இருக்கிறது என்று பொருளில்லை. இவற்றை மட்டும் வைத்து மருந்து தொடங்கக் கூடாது. லேப்ராஸ்கோபியில் குழாயையும் வயிற்று உறையையும் கண்ணால் பார்த்து, திசுவை மைக்ரோஸ்கோப்புக்கும் கல்ச்சருக்கும் சிபிநாட் என்ற மரபணு டெஸ்டுக்கும் அனுப்பி, எல்லாவற்றையும் சேர்த்து வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். கல்ச்சர் ரிசல்ட் வர ஆறு முதல் எட்டு வாரம்கூட ஆகலாம். மருந்து தொடங்கும் முன் ஈரல் டெஸ்ட் எடுக்கவும் வேண்டும்.

தாமிரபரணிக்கு எக்ஸ்ரே படமும், பழைய நோயும், குறைந்த போக்கும் ஒரே பக்கம் கைகாட்டுகின்றன. அதனால்தான் நான் அழுத்திச் சொல்கிறேன்.

கொங்குக்குயில்

அக்கா, டிபி என்று உறுதியானால் மருந்து சாப்பிட்டதும் குழாய் திறந்துவிடுமா?

பொன்னி

இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். வழக்கமான சிகிச்சை ஆறு மாதம். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, அப்புறம் நான்கு மாதம் மூன்று மருந்து. நோய் ஆரம்பத்தில் பிடிபட்டவர்களில் சிலருக்குப் பிறகு இயற்கையாகவே நிற்பதுண்டு. தழும்பாகிவிட்ட குழாய் பெரும்பாலும் பழையபடி வராது. உள்படலம் நன்றாக இருந்தால் அப்போது ஐவிஎஃப் நல்ல வழி. நான் ஐவிஎஃப்புக்கு எதிரி இல்லை, அது இரண்டாவதாக வர வேண்டும் என்றுதான் சொல்கிறேன். உள்படலமே ஒட்டிப்போயிருந்தால் கருப்பைக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் ஹிஸ்ட்ரோஸ்கோபியில் ஒட்டலை விடுவித்துப் பார்ப்பார்கள், அதிலும் படலம் வளரவில்லை என்றால் வாடகைத்தாய் அல்லது தத்து.

மருந்து சாப்பிடும் மாதங்களில் கரு நிற்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள். ரிஃபாம்பிசின் கருத்தடை மாத்திரையின் வேலையைக் கெடுத்துவிடும், அதனால் ஆணுறைதான் சரி. நிக்ஷய் என்ற அரசுக் காசநோய்ப் பதிவில் பெயர் ஏறிவிட்டால் சத்துணவுக்கென்று மாதம் ஆயிரம் ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும். 2024 நவம்பருக்கு முன் ஐந்நூறாக இருந்தது. பதிவில் இருக்கும் விவரம் வெளியே போகாது, இதை மாமியார் வீட்டுக்காக எழுதுகிறேன்.

தாமிரபரணிக்கரை

எல்லோருக்கும் நன்றி. நேற்று அவரும் நானும் ஊர் டாக்டரம்மாவிடம் போனோம். தாளைக் கொடுத்ததும் முழுவதும் படித்துவிட்டு, "இதை முதல் நாளே சொல்லியிருந்தால் எச்எஸ்ஜியே எடுத்திருக்க மாட்டேன்" என்றார். உள்ளே தொற்று இருக்கும்போது சாயம் ஏற்றினால் நோய் கிளறிவிடலாமாம். மருத்துவக் கல்லூரிக்குக் கடிதம் கொடுத்திருக்கிறார். அடுத்த மாதவிலக்குக்கு முந்தைய வாரம் சதை எடுக்கிறார்கள், அதோடு லேப்ராஸ்கோபி, ஹிஸ்ட்ரோஸ்கோபி. ஐவிஎஃப் மையத்துக்குப் போன் செய்து இப்போதைக்கு வேண்டாம் என்று என் கணவரே சொல்லிவிட்டார்.

மாமியாரிடம் அவர்தான் பேசினார். மாமியார் கேட்ட ஒரே கேள்வி, "அப்போ இது அவளுக்கு வந்த நோய்தானே, அவள் செய்த குற்றம் இல்லையே?" என்பது. இன்று காலை எனக்கு முட்டை அவித்து வைத்திருந்தார்.

ஆபரேஷனுக்கு முன் நான் கேட்டுவைக்க வேண்டியது ஏதாவது இருக்கிறதா?

பொன்னி

இருக்கிறது. திசுவை எடுத்ததும் இரண்டு புட்டிகளில் போட வேண்டும். ஃபார்மலினில் போட்டது திசுப் பரிசோதனைக்கு, சலைனில் போட்டது கல்ச்சருக்கும் சிபிநாட்டுக்கும். எல்லாவற்றையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் கிருமி செத்துவிடும், கல்ச்சர் பார்க்க முடியாது. அவசரத்தில் இது நடக்கிறது. உங்கள் கணவரை விட்டு முதல் நாளே சிஸ்டரிடம், "கல்ச்சருக்குத் தனியாக சலைனில் எடுப்பீர்கள்தானே" என்று கேட்கச் சொல்லுங்கள், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். லேப்ராஸ்கோபி வீடியோவையோ படங்களையோ கேட்டு வாங்கி வையுங்கள், பின்னால் ஐவிஎஃப் செய்யும் டாக்டருக்கு அது தேவைப்படும்.

வீட்டில் உங்களோடு இருப்பவர்களில் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் அவர்களையும் சளி டெஸ்டுக்கு அழைத்துப் போங்கள். கல்ச்சர் ரிசல்ட் வந்ததும் இங்கே எழுதுங்கள்.

மருதாணி

நானும் எழுதிவிடுகிறேன். அவருக்கு டெஸ்ட் எடுத்தாயிற்று, நார்மல். எனக்கு மாதவிலக்கின் எட்டாம் நாள் எச்எஸ்ஜி வைத்திருக்கிறார்கள். ரொம்ப வலிக்குமா?

குறிஞ்சி

சாயம் உள்ளே போகும் ஒன்றிரண்டு நிமிடம் கடுமையான மாதவிலக்கு வலிபோல் இருக்கும், அப்புறம் குறைந்துவிடும். ஒரு மணி நேரம் முன்பே என்ன வலி மாத்திரை போடலாம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், நாப்கின் எடுத்துப் போங்கள், கூட ஒருவரை அழைத்துப் போங்கள். கருப்பையை ஒட்டிய இடத்தில் மட்டும் அடைப்பு என்று வந்தால் உடனே அழுதுவிடாதீர்கள், வலியில் குழாய் இறுகிக்கொண்டாலும் படத்தில் அடைப்பு மாதிரித்தான் தெரியும். எனக்கு அப்படித்தான் ஒரு பக்கம் வந்தது, லேப்ராஸ்கோபியில் பார்த்தபோது அந்தக் குழாய் திறந்தே இருந்தது.